ஊளையிடும் வால்வு கெட்ட வால்வு அல்ல

பெசன்ட் நகர் மொட்டைமாடி அறையில் நான் கட்டிய முதல் வால்வு ஆம்ப்ளிஃபயர், இழைகள் சிவந்து அரை நிமிடம் ஆவதற்குள் ஊளையிடத் தொடங்கியது. ரிச்சி தெருவுக்கு இரண்டு முறை போய் வால்வு வாங்கி மாற்றினேன். ஊளை அடங்கவில்லை. முனை மாறிப் பற்றவைத்த இரண்டு வயர்கள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இப்போது வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

நம்பிக்கை 1: ஊளை கேட்டால் வால்வு போய்விட்டது.

உண்மை: ஊளையிடும் வால்வு நன்றாகவே வேலை செய்கிறது. சபாவில் மைக் ஸ்பீக்கரைப் பார்த்துத் திரும்பினால் என்ன ஆகிறது? வெளியே போன ஒலி உள்ளே வருகிறது, பெருகுகிறது, மறுபடி வருகிறது. பெட்டிக்குள் நடப்பதும் அதுவே. திரும்பி வரும் சிக்னல் ஒத்த திசையில் சேர்ந்து, வழியில் இழந்ததை வால்வின் பெருக்கம் ஈடுகட்டிவிட்டால், எந்த ஆம்ப்ளிஃபயரும் தானாக ஒலிக்கும். 1924-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் இந்த ஊரில் ஒலிபரப்பியதே வால்வின் இந்தக் குணத்தைக் கொண்டுதான். அங்கே வேண்டுமென்றே திறந்த வழி, நம் பெட்டியில் நமக்குத் தெரியாமல் திறந்திருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியது அந்த வழியைத்தான்.

நம்பிக்கை 2: நெகட்டிவ் ஃபீட்பேக் இருந்தால் ஊளை வராது.

உண்மை: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முனைகள் மாறினால் நெகட்டிவ் பாசிட்டிவாகிவிடும். ஃபீட்பேக் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஊளை நின்றால், செகண்டரி முனைகள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். என் பெட்டியின் கோளாறு அதுதான். சில ஊளைகள் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். பாட்டு கலங்கலாகக் கேட்கும், அவுட்புட் வால்வின் உலோகத் தகடு சிவக்கும். அதற்கு, கிரிட் முனையில் சாக்கெட்டை ஒட்டியே 1 முதல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் அந்த வயரே ஏரியலாகிவிடும்.

நம்பிக்கை 3: ஹம் எல்லாம் ஒன்றுதான், பெரிய கண்டென்சர் போட்டால் போய்விடும்.

உண்மை: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃபுல்வேவ் ரெக்டிஃபயரைக் கடந்து வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. கச்சேரி கேட்டுப் பழகிய காது இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். மேல் சட்ஜம் கேட்டால் ஃபில்டர் கண்டென்சரைப் பாருங்கள். கீழ்ச் சட்ஜம் கேட்டால் கண்டென்சரைத் தொடவே வேண்டாம். 6.3 வோல்ட் ஹீட்டர் வயர்களை நெருக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு கொண்டுபோங்கள். வால்யூமைக் குறைத்தால் ஹம்மும் குறைகிறதா? அப்படியானால் அது வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னாலேயே நுழைகிறது.

நம்பிக்கை 4: 'டப் டப் டப்' என்று அடித்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது.

உண்மை: ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து விடியலில் கிளம்பும் எஞ்சின் படகின் சத்தம் அப்படியே கேட்கும். இதற்குத் தொழிலில் பெயரே மோட்டார்போட்டிங். எல்லா நிலைகளும் ஒரே உயர் மின்னழுத்தக் கம்பியில் தொங்குவதால், கடைசி வால்வின் இழுப்பு முதல் வால்வை ஆட்டுகிறது. முதல் நிலைக்குத் தனியாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் கொடுங்கள். ஏற்கெனவே இருந்தால், அந்தக் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கும்.

நம்பிக்கை 5: கரகரப்பு, வால்வுக்கு வயதாகிவிட்டதன் அடையாளம்.

உண்மை: கடற்கரைக்கு இவ்வளவு அருகில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்புக்காற்றை. வால்வு சாக்கெட்டின் பின்களிலும் வால்யூம் கண்ட்ரோலிலும் அது படிந்து அரிக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, வால்வைச் சிலமுறை செருகி எடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நம்பிக்கை 6: மூன்றாவது பின்னை எடுத்துவிட்டால் ஹம் நிற்கும்.

உண்மை: சில நேரம் நிற்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுப்போனால், சேசிஸைத் தொடுபவரின் உடம்பே எர்த்தாகிவிடும். பச்சை வயரைச் சேசிஸில் போல்ட் போட்டு முடுக்குங்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். இந்த ஹம்முக்குக் காரணமான எர்த் வளையத்தைச் சிக்னல் பக்கத்தில் உடைக்க வேண்டும். பெட்டிக்குள் எல்லாக் கிரவுண்டுகளையும் ஒரே புள்ளியில் சேருங்கள். பாட்டு வரும் கருவியையும் அதே சுவிட்ச் போர்டில் செருகுங்கள்.

மேலே சொன்ன எதைச் செய்வதற்கும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்குங்கள். மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே கை உள்ளே போகட்டும்.