ஓரத்தில் எழுதியதையும் படியுங்கள்

கேள்வி: எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா பெயர் சூசை, அவருடைய அப்பா அந்தோணி, சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கோவில் பதிவேடுகளைப் பார்த்தால் எத்தனை தலைமுறை வரை போகலாம்? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஓசூர்

பதில்: தாத்தாவை அப்புறம் தேடலாம். முதலில் உங்கள் பெற்றோரின் திருமணப் பதிவைப் பாருங்கள். மணமக்களின் பெற்றோர் பெயர், வயது, சொந்தப் பங்கு, சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பங்கில் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு, அங்கிருந்து தாத்தாவின் திருமணம் என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். எடுத்த எடுப்பில் ‘அந்தோணி மகன் சூசை’யைத் தேடினால் ஒரே ஊரில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள்.

அவர்களில் உங்கள் ஆள் யார் என்று கண்டுபிடிக்க ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களைப் பாருங்கள். ஞானப்பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே திருமணத் தடை இருந்ததால் அந்தப் பெயர்களைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் திரெந்து சங்கம் விதித்துவிட்டது. பல வீடுகளில் நெருங்கிய சொந்தக்காரர்களே அந்த இடத்தில் நிற்பார்கள். அண்ணன் தம்பிகளின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் உறவுக்கூட்டம் பிடிபட்டுவிடும்.

பதிவின் ஓரத்தையும் விடாதீர்கள். 1908 முதல், ஒருவருக்கு எந்த ஊரில் திருமணம் நடந்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவிலும் குறிக்கவேண்டும் என்பது விதி. வெளியூரில் வாக்கப்பட்டுப் போன அத்தைப்பாட்டியின் புகுந்த ஊர் அங்கே கிடைக்கலாம்.

திருமண ஏட்டில் இன்னொரு புதையல் உண்டு. அத்தை மகள், மாமன் மகனைக் கட்டுவது நமக்குச் சகஜம். திருச்சபைச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு உறவின் நெருக்கமும் பதிவாகும். பழைய ஏட்டில் ‘இரண்டாம் படி உறவு’ என்றால் மணமக்களுக்குத் தாத்தா பாட்டி பொது. ‘மூன்றாம் படி’ என்றால் பூட்டன் பூட்டி பொது. 1983 சட்டத்தில் எண்ணும் முறை மாறி, அத்தை-மாமன் பிள்ளைகள் நான்காம் படி ஆகிவிட்டார்கள். ஆண்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். சூசை ‘யோசேப்புஸ்’ ஆகவும், இராயப்பன் ‘பெத்ருஸ்’ ஆகவும், அருளப்பன் ‘யோவான்னெஸ்’ ஆகவும் இருப்பார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பது ஏடு தப்பியதைப் பொறுத்தது. 1773இல் கலைக்கப்பட்ட இயேசு சபை, உங்கள் பகுதி அடங்கிய மதுரை மறைப்பணிக்கு 1838இல்தான் திரும்பியது. அதன்பின் எழுதப்பட்ட ஏடுகள் இருந்தால் ஐந்தாறு தலைமுறை எட்டும். உங்கள் ஊர் முன்பு எந்தப் பங்கின் கிளையாக இருந்தது என்று விசாரியுங்கள். பழைய ஏடு அந்தத் தாய்ப்பங்கில் இருக்கும். கறையான் அரித்திருந்தால் ஆயர் இல்லத்தில் கேளுங்கள். 1917 திருச்சபைச் சட்டம் ஆண்டுதோறும் அங்கே நகல் அனுப்பச் சொன்னது. திண்டுக்கல் மறைமாவட்டம் 2003இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது என்பதால், பழைய நகலுக்குத் திருச்சியிலும் விசாரிக்கவேண்டும்.

இந்த ஏடுகள் பொதுப் பார்வைக்கு உரியவை அல்ல. உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேலைநாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போய் நின்றால் அலமாரியைத் திறக்க அங்குள்ள பங்குத்தந்தைக்கு நேரம் இருக்காது.