மழைமானியும் வினாநிரலும்

நுழையும்முன்

பெய்த மழையின் அளவை மழைமானி காட்டும்; காற்றின் வெப்பத்தை வெப்பமானி காட்டும். அவ்வளவுகளைக் கொண்டு உருவாகும் வானிலைச் செய்தி, அதைப் பெறுவோர்க்குப் பயன்பட்டதா என்பதை எக்கருவி காட்டும்? பயனரிடம் கேட்டறிவதே அதற்குரிய வழி. கேட்பதற்கு ஒரு முறை உண்டு. கிடைத்த விடையைப் பொருள்கொள்வதற்கும் ஒரு முறை உண்டு. அம்முறைகளை நம் மண்ணின் சான்றுகளோடு விளக்குகிறது இப்பாடம்.

வானம் பார்க்கும் வணிகம்

சந்தை கூடும் நாளின் பெயரையே தன் பெயராகக் கொண்டது சேலம் மாநகரின் செவ்வாய்ப்பேட்டை. இங்குள்ள மண்டிகளுக்குச் சுற்றுவட்டாரத்து ஆலைகளிலிருந்து வெல்லம் வந்து சேர்கிறது. வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் ஏறினால் இளகும், நிறம் மங்கும், விலை இறங்கும். மாவட்டத்தின் சவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் மாவும் சவ்வரிசியும் திறந்த களங்களில் வெயிலில் உலர்கின்றன. மஞ்சளோ வேகவைத்தபின் பல நாள் காயவேண்டும். எதிர்பாராத ஒரு மழை, களத்தில் கிடக்கும் பலநாள் உழைப்பை ஒரு நாழிகையில் கெடுத்துவிடும்.

அண்டையிலுள்ள நாமக்கல், முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கோடை வெப்பம் மிகும்போது அது வாய் திறந்து இளைத்தே உடலைக் குளிர்விக்கிறது. அவ்வாறு இளைக்கையில் குருதியிலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் முட்டையோடு மெலிகிறது. தீனி உண்பதும் குறைகிறது. வெப்பம் வருமுன் அறிந்த பண்ணையாளர் கூரையில் நீர் தெளிக்கலாம். குளிர்ந்த வேளைகளில் தீனியிடலாம். குடிநீரைக் குளிர்ச்சியாக வைக்கலாம். அறியாதவர் மறுநாள் இழப்பை எண்ண நேரிடும்.

எறும்புகள் முட்டையோடு மேடேறுவதையும் தும்பிகள் தாழப் பறப்பதையும் கண்டு மழையை எதிர்பார்த்தனர் நம் முன்னோர். இன்று அவ்வுற்றுநோக்கலோடு அறிவியல் தரவுகளும் இணைந்துள்ளன.

தரவு சேவையாகும் வழி

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1932இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தோன்றியது. 1945 முதல் உழவர்களுக்கான வானிலை அறிக்கை வானொலி வழியே ஒலிபரப்பானது. 2008 முதல் வேளாண் வானிலை ஆலோசனைகள் மாவட்ட அளவில் வழங்கப்படுகின்றன. அடுத்த ஐந்து நாள்களின் மழை, வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைக் கணித்து, அவற்றுக்கேற்ற பயிர், கால்நடை அறிவுரைகளோடு செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் இவை வெளிவருகின்றன.

1985இல் நிறுவப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலைய வளாகத்திலும் வானிலை ஆலோசனைப் பிரிவு ஒன்று இயங்குகிறது. வெப்பநிலையைச் சொல்வதோடு, அந்த வெப்பத்தில் கோழிப்பண்ணையில் என்ன செய்யவேண்டும் என்பதையும் அது எடுத்துரைக்கிறது. வெறும் எண் தரவு ஆகும்; எண்ணோடு செயல்வழியும் சேரும்போது அது சேவை ஆகிறது.

ஒரு சேவை நன்றாக நடைபெறுகிறதா என்பதை வழங்குவோர் மட்டும் கூறினால் போதாது. சமைத்தவரைவிட உண்டவரே சுவையைச் சொல்லத் தக்கவர்.

நிறைவு என்னும் அளவு

மனநிறைவை எண்ணாக்க முடியுமா? முடியும் என்று கருதி உருவாக்கப்பட்டதே அமெரிக்க வாடிக்கையாளர் நிறைவுக் குறியீடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இக்குறியீடு 1994இல் நடைமுறைக்கு வந்தது. இது பயனரிடம் மூன்று அடிப்படை வினாக்களை எழுப்புகிறது. மொத்தத்தில் எவ்வளவு நிறைவடைந்தீர்? எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் எப்படி இருந்தது? நீர் மனத்தில் கொண்டுள்ள மிகச் சிறந்த சேவைக்கு இது எவ்வளவு நெருக்கமானது? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தரவேண்டும். அவை பின்னர் 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றப்படுகின்றன.

எளிய வடிவில் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பயனர்கள் தந்த சராசரி மதிப்பெண் 8 எனக் கொள்வோம். அதிலிருந்து 1ஐக் கழித்தால் 7. அதை 9ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 78 கிடைக்கும். மூல முறையில் ஒவ்வொரு வினாவுக்கும் தனித்தனி எடை தரப்படுகிறது.

செயற்கைக்கோள்கள் திரட்டும் புவித் தரவுகளை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு வழங்கும் நாசா நிறுவனம், 2004ஆம் ஆண்டு முதல் இக்குறியீட்டைக் கொண்டு தன் தரவு மையங்களின் பயனர்களிடம் கருத்துக் கேட்டுவருகிறது. தேடுவது எளிதா, தரவைப் பதிவிறக்க முடிகிறதா, விளக்கக் குறிப்புகள் தெளிவாக உள்ளனவா, உதவி கேட்டால் விடை கிடைக்கிறதா எனத் தனித்தனியாகக் கேட்பதால், எந்த இடத்தில் குறை என்பது புலப்படுகிறது. ஒற்றை எண் நோயைக் காட்டும். பிரித்துக் கேட்ட வினாக்களே நோய்முதலைக் காட்டும்.

கேட்கப்படாதோர்

கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறாகலாம். ஓர் ஊரில் 100 பேருக்கு அலைபேசியில் வானிலைச் செய்தி அனுப்பப்படுகிறது எனக் கொள்வோம். கருத்துக் கேட்டபோது 20 பேர் மட்டுமே விடையளித்தனர். அவர்களுள் 18 பேர் 'நன்று' என்றனர். 'பயனர்களுள் 90 விழுக்காட்டினர் நிறைவடைந்தனர்' என்று அறிக்கை எழுதலாம். உண்மையில் நாம் அறிந்தது 100இல் 18 பேரின் நிறைவை மட்டுமே. எஞ்சிய 80 பேர் செய்தியைத் திறந்தே பார்க்காதவராக இருக்கலாம். படித்தும் பொருள் விளங்காதவராக இருக்கலாம். நம்பிக்கை இழந்தவராகவும் இருக்கலாம்.

செயலி வழியே மட்டும் கருத்துக் கேட்டால், திறன்பேசி இல்லாத முதியவரும் களத்தில் வேலைசெய்யும் பெண்களும் விடுபடுவர். சவ்வரிசிக் களத்தில் மழைக்கு முன் தார்ப்பாய் விரிக்கும் கைகள் அவர்களுடையவை. ஆனால் வினாநிரல் உரிமையாளரிடமே சென்று சேரும். எனவே, யாரிடம் கேட்கிறோம் என்பது என்ன கேட்கிறோம் என்பதற்கு இணையானது.

நேரில் கேட்கும்போதும் ஓர் இடர் உண்டு. வீடு தேடி வந்தவரின் மனம் நோகக்கூடாது என எண்ணிக் குறையைச் சொல்லாமல் விடுவது நம் பண்பாடு. பண்பு போற்றத்தக்கது, ஆயினும் அளவீட்டில் அது பிழையாகிறது. 'எங்கள் சேவை நன்றாக உள்ளதா?' என்று கேட்டால் 'நன்று' என்னும் விடையே வரும். 'சென்ற வாரச் செய்தியைப் படித்தபின் எந்த வேலையை மாற்றினீர்கள்?' என்று கேட்டால் உண்மை வரும்.

ஒரு சொல், இரு பொருள்

'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்னும் தொடரை நாம் அடிக்கடி கேட்கிறோம். வானிலைத் துறையின் வழக்கில் இதற்கு வரையறை உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் 25 விழுக்காட்டுக்கு மேற்படாத இடங்களில் மழை என்பதே அதன் பொருள். அதாவது, நான்கில் மூன்று பங்கு இடங்களிலாவது மழை இராது. கேட்பவரோ தம் ஊரில் மழை வரும் எனப் பொருள்கொள்கிறார். மழை வராதபோது 'வானிலை அறிக்கை பொய்த்தது' என்கிறார். இவ்வாறே 'கனமழை' என்பது ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையைக் குறிக்கும். தெருவில் நீர் ஓடினாலே கனமழை என்கிறோம் நாம்.

இங்குத் தரவு தவறவில்லை, கணிப்பும் தவறவில்லை, சொல் சென்று சேரவில்லை. பயனர் நிறைவை அளக்கும்போது இக்குறை வெளிப்படும். அதைக் களைய வேண்டியது மொழியின் பணி. அறிவியலாளருக்குத் தமிழ் எந்த அளவுக்குத் துணைநிற்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

சரியான அறிவிப்பும் பயனுள்ள அறிவிப்பும்

நல்ல வானிலை அறிவிப்பு எது? அமெரிக்க வானிலை அறிஞர் ஆலன் மர்பி 1993இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மூன்று நிலைகளில் விடை கூறினார். அறிவிப்பவர் தம் அறிவுக்கு உண்மையாக இருத்தல் முதல் நிலை. அறிவிப்பும் நிகழ்வும் பொருந்துதல் இரண்டாம் நிலை. அறிவிப்பைக் கொண்டு பயனர் எடுத்த முடிவு நன்மை தருதல் மூன்றாம் நிலை.

மூன்றாம் நிலை பயனருக்குப் பயனர் வேறுபடும். மழை வரும் என்று சொல்லி வராமற்போனால், சவ்வரிசி ஆலைக்காரருக்கு மூடித் திறந்த வேலை மட்டுமே மிகை. மழை வராது என்று சொல்லி வந்துவிட்டால் களம் முழுதும் இழப்பு. ஆகவே, சிறிய ஐயம் இருப்பினும் எச்சரிக்கப்படுவதையே அவர் விரும்புவார். பூச்சிமருந்து தெளிக்கக் காத்திருக்கும் உழவரின் நிலை வேறு. வராத மழைக்காக அவர் தெளிப்பை மும்முறை தள்ளிவைத்தால் அதற்குள் பூச்சி பெருகிவிடும். ஒரே அறிவிப்பு ஒருவருக்கு நிறைவையும் மற்றவருக்குக் குறையையும் தருகிறது. இருவர் விடையையும் கூட்டிச் சராசரி கண்டால் இருவர் நிலையும் மறைந்துவிடும்.

செயலே சான்று

இந்தியாவில் இத்தகைய அளவீடு நடந்துள்ளது. புவி அறிவியல் அமைச்சகத்தின் பருவமழைத் திட்டத்தினால் விளைந்த நன்மைகளைத் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு ஆராய்ந்து 2020இல் அறிக்கை அளித்தது. மழையை நம்பிய பகுதிகளில் 3,965 உழவர்கள் நேரில் கேட்கப்பட்டனர். 'நிறைவா?' என்பதோடு அவ்வாய்வு நிற்கவில்லை. விதைப்பு, உழவு, உரமிடல், மருந்து தெளித்தல், நீர்ப்பாய்ச்சல், அறுவடை, சேமிப்பு முதலிய ஒன்பது செயல்களுள் எவற்றை வானிலைச் செய்தியால் மாற்றினர் என வினவியது. 98 விழுக்காட்டினர் ஒன்றையேனும் மாற்றியதாகக் கூறினர். கால்நடை வளர்ப்போருள் 76 விழுக்காட்டினர் கொட்டகையை மாற்றியமைக்கவும், 67 விழுக்காட்டினர் பருவநோய்த் தடுப்பூசி இடவும் இச்செய்தியைப் பயன்படுத்தினர்.

எச்செயலையும் மாற்றாத குடும்பங்களின் சராசரி ஆண்டு வருமானம் 1.98 இலட்சம் ரூபாய். ஒன்பதையும் மாற்றியோரின் வருமானம் 3.02 இலட்சம் ரூபாய் என்றும் அவ்வறிக்கை காட்டியது. இவ்வேறுபாடு முழுவதும் வானிலைச் செய்தியால் விளைந்தது என உடனே முடிவுகட்டுதல் கூடாது. நிலமும் நீர்வசதியும் கல்வியும் மிகுந்தோர் அறிவுரையை எளிதில் பின்பற்றவும் கூடும். இரண்டு சேர்ந்து நிகழ்வதும், ஒன்றால் மற்றொன்று நிகழ்வதும் வேறுவேறு என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அளவீட்டால் ஆவது என்ன?

கருத்துக் கேட்டுத் தொகுத்த ஏடு அலமாரியில் உறங்கினால் அளந்ததால் பயனில்லை. 2018 முதல் நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் ஏற்படுத்தப்பட்டன. 2024 சனவரியில் அவற்றை மூடுமாறு ஆணையிடப்பட்டது. ஒரு சேவை தொடரவேண்டுமா, திருந்தவேண்டுமா, நிற்கவேண்டுமா என்பது இவ்வாறு உண்மையாகவே முடிவுசெய்யப்படும் ஒன்று. அவ்வேளையில் அச்சேவையால் பயன்பெற்றோரின் குரல் முறையாகப் பதிவாகியிருந்தால் அது சான்றாகும். இல்லையெனில் பயன் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். பயன்படாத சேவைக்குச் செலவிடப்படும் மக்கள் பணத்தை மீட்பதற்கும் அதே சான்று வேண்டும்.

ஆதலின், வினாநிரலுக்கு விடையளிப்பது ஒரு குடிமைக் கடமை. நேர்மையாகக் குறை கூறுவோர் சேவைக்குப் பகைவர் அல்லர். அதன் அளவுகோல் ஆவர். பழுதடைந்த மழைமானி தவறான மழையைக் காட்டுவதுபோல, முகமனுக்குச் சொன்ன விடை தவறான நிறைவைக் காட்டும். செய்தி சேர்ந்ததா, புரிந்ததா, ஒரு செயலை மாற்றியதா, அச்செயல் நன்மை தந்ததா என்னும் நான்கு வினாக்களுக்கும் உண்மையான விடை கிடைக்கும்போதே, வானத்தை அளந்த அறிவியல் மண்ணில் நிற்கும் மனிதரைச் சேர்ந்தது என்று கூறமுடியும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் முன்பு விலைக்கு விற்கப்பட்டன. 2008இல் அவை கட்டணமின்றி வழங்கப்பட்டபின் அவற்றைப் பெறுவோர் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 'புவன்' என்னும் புவிப்படச் சேவையை 2009 ஆகத்து 12 அன்று தொடங்கியது.

சொல்லும் பொருளும்

வினாநிரல் – கருத்தறிய வரிசைப்படுத்திய வினாக்களின் தொகுப்பு
பயனர் – ஒரு சேவையைப் பயன்படுத்துபவர்
முகமன் – மரியாதைக்காகக் கூறும் இன்சொல்
இளைத்தல் – மூச்சு வாங்குதல்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதிக்குரிய வேளாண் வானிலை அறிக்கை ஒன்றைப் பெற்று, பொதுமக்களுக்கு விளங்காத தொடர்களை எளிய தமிழில் மாற்றி எழுதுக.
2. ஐந்து வினாக்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை உருவாக்கி, வானிலைச் செய்தியைப் பெறும் ஐவரிடமும் பெறாத ஐவரிடமும் கேட்டு, விடைகளை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

குறுவினா

தரவு எப்போது சேவையாகிறது?

சிறுவினா

'ஓரிரு இடங்களில் மழை' என்னும் தொடர் பயனரிடம் மனக்குறையை ஏற்படுத்துவது எவ்வாறு?

நெடுவினா

'90 விழுக்காட்டினர் நிறைவடைந்தனர்' என்னும் அறிக்கையை ஏற்பதற்குமுன் நாம் ஆராய வேண்டியவற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் தொகுத்தெழுதுக.