உலோகம் கழிக்கும் மருந்தும் பிள்ளையின் ஈரலும் சிறுநீரகமும்

ஒரு குடும்பத்தை மனக்கண் முன் கொண்டுவருவோம். குளம் உடைப்பெடுத்து வயலும் வீடும் நீரில் மூழ்கிவிட்டன. குடும்பம் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலசீமியா நோய். மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றுகிறார்கள். உடம்பில் சேரும் இரும்பைக் கழிப்பதற்காக நாள்தோறும் குளிசை கொடுக்கிறார்கள். மண்டபத்துக்கு வந்த மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டமும் சத்தியும் தொடங்குகின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த தாய் அந்தக் குளிசைப் பெட்டியை மட்டும் விடவில்லை. "மருந்தை ஒருநாளும் நிறுத்தக்கூடாது" என்று கிளினிக்கில் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. பிள்ளை வாடிக் கிடக்கும்போதும் குளிசையைக் கரைத்துப் பருக்குகிறார்.

அந்தத் தாய் பிள்ளையின் நன்மையையே நாடுகிறார். ஆயினும் அன்றைய நிலையில் அதே குளிசை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். ஏன் அப்படி, அந்தத் தாய் என்ன செய்திருக்கலாம் என்பதை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இது என்ன மருந்து?

இம்மருத்துவ முறையைக் கீலேஷன் என்பார்கள். கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. வயல் நண்டு தன் கொடுக்கால் இரையைக் கவ்விக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அவ்வாறே இம்மருந்துகள் இரத்தத்தில் உள்ள உலோகத்தைக் கவ்விப் பிடித்து, உடம்பிலிருந்து வெளியே கொண்டு செல்கின்றன.

பிள்ளைகளுக்கு இம்மருந்துகள் தேவைப்படும் நோய்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, தலசீமியா. இலங்கையில் குருநாகல், அநுராதபுரம் போன்ற மாவட்டங்களில் இந்நோய் அதிகம். ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. மிகுதியான இரும்பைத் தானாகவே வெளியேற்றும் வழி மனித உடம்புக்கு இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். ஆகவே டெஸ்ஃபெரொக்சமின் என்னும் ஊசி மருந்தோ, டெஃபெரிப்ரோன், டெஃபெரசிரொக்ஸ் என்னும் வாய்வழி மருந்துகளோ கொடுக்கப்படுகின்றன.

இரண்டாவது, ஈய நஞ்சு. பழைய பற்றரிகளை உடைத்து உருக்கும் இடங்களில் வாழும் பிள்ளைகளுக்கு இது ஏற்படுகிறது. சக்சிமர் என்னும் வாய்வழி மருந்தும், கல்சியம் சேர்ந்த ஈ.டி.ரி.ஏ. என்னும் ஊசி மருந்தும் இதற்கு உதவுகின்றன.

மூன்றாவது, வில்சன் நோய். செம்பு ஈரலிலும் மூளையிலும் சேரும் பரம்பரை நோய் இது. இதற்குப் பெனிசிலமின் என்னும் மருந்து 1956ஆம் ஆண்டிலிருந்து பயன்பட்டு வருகிறது.

இம்மருந்துகள் பல பிள்ளைகளின் உயிரைக் காத்துள்ளன. பின்வருவனவற்றை வாசித்துப் பயந்து, வைத்தியர் தந்த மருந்தை யாரும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. கழிக்கப்படாத இரும்பும் ஈயமும் செம்பும் உயிரைக் குடிக்கும்.

2. துருசு அடைபட்டால் என்ன நடக்கும்?

குளத்து நீர் வயலுக்குப் பாய வேண்டுமானால் துருசு திறந்திருக்க வேண்டும். துருசு அடைபட்டிருக்கும்போது குளத்துக்குள் எவ்வளவு நீரைத் திருப்பினாலும் அணைக்கட்டுக்குத்தான் ஆபத்து. உடம்பிலும் வெளியேறும் வழிகள் இரண்டு. ஒன்று சிறுநீரகம். அது சிறுநீராகக் கழிக்கிறது. மற்றது ஈரல். அது பித்தத்தோடு கலந்து மலமாகக் கழிக்கிறது.

ஈ.டி.ரி.ஏ. மருந்து ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதுபட்ட பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் மருந்தும், அது கவ்விய ஈயமும் உள்ளேயே தங்கிச் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ஆகவே இதைக் கொடுக்குமுன் பிள்ளைக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் நின்றால் மருந்தையும் நிறுத்துவார்கள். டெஸ்ஃபெரொக்சமின் மருந்தும் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை.

டெஃபெரசிரொக்ஸ் பெரும்பாலும் ஈரல் வழியாக மலத்தோடு வெளியேறுகிறது. ஆயினும் அது சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. சிறுநீரகம் செயலிழத்தல், ஈரல் செயலிழத்தல், குடலில் இரத்தக் கசிவு ஆகிய மூன்றையும் பற்றிய கடும் எச்சரிக்கை அதன் மருந்துக் குறிப்பின் தொடக்கத்திலேயே பெட்டி கட்டி அச்சிடப்பட்டுள்ளது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஈரல் ஓரளவு பழுதுபட்டவர்களுக்கு அளவைப் பாதியாகக் குறைப்பார்கள். மிகவும் பழுதுபட்டவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள்.

சக்சிமர் எடுக்கும் பிள்ளைகளில் சிலருக்கு ஈரல் நொதியங்கள் சிறிது உயரும். பெனிசிலமின் எடுப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும். இவை வெளித்தோற்றத்தில் தெரியமாட்டா. பரிசோதனையில்தான் தெரியும்.

3. ஈரல் நோய் இருந்தால் மருந்தே கூடாதா?

அப்படியும் முடிவு கட்டிவிட முடியாது. வில்சன் நோயில் ஈரலைக் கெடுப்பதே செம்புதான். அங்கே உலோகத்தைக் கழிக்கும் மருந்துதான் ஈரலைக் காக்கிறது. பிள்ளை சற்றுத் தேறியதும் பெனிசிலமினை இடையில் நிறுத்திவிட்டால் ஈரல் திடீரெனச் செயலிழந்து உயிராபத்து நேரலாம். தலசீமியாவிலும் இரும்பு படிந்ததால் ஈரல் கெட்டிருக்கலாம். அவ்விடத்தில் எந்த மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியர் எடைபோட்டுத் தீர்மானிக்கிறார்.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தப் பிள்ளையின் சிறுநீரகமும் ஈரலும் இன்று எப்படி இருக்கின்றன? இந்த மருந்து எந்த வழியாக வெளியேறுகிறது? அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் இம்மருந்தைத் தொடங்கவே கூடாது.

4. பரிசோதனை மருந்தின் பாதி

தூரத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் பெற்றோர் சிலர், "குளிசையைத் தந்துவிடுங்கள், இரத்தம் எடுப்பதற்கு அடுத்த முறை வருகிறோம்" என்கிறார்கள். பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் அவர்களுடைய மனதில் நிற்கின்றன. அந்தக் கஷ்டம் உண்மையானது. ஆனால் இம்மருந்துகளைப் பொறுத்தவரை பரிசோதனை இல்லாத குளிசை பாதி மருந்துதான்.

டெஃபெரசிரொக்ஸ் தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரண்டு தடவை பார்ப்பார்கள். பின்னர் மாதந்தோறும் பார்ப்பார்கள். ஈரல் பரிசோதனை முதல் மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், அதன்பின் மாதந்தோறும் செய்யப்படும். உடம்பிலுள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிற்றின் பரிசோதனையும் அவசியம். இரும்பு நன்றாகக் குறைந்த பின்னரும் பழைய அளவிலேயே மருந்து கொடுத்தால், கவ்வுவதற்கு உலோகம் இல்லாத மருந்து உடம்பையே தாக்கத் தொடங்கும். பிள்ளை தேறி வரும் காலத்திலும் பரிசோதனையை விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

5. காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம் வந்தால்

இனி அந்த மண்டபத்துக்குத் திரும்புவோம். வயிற்றோட்டத்தாலும் சத்தியாலும் பிள்ளையின் உடம்பில் நீர் வற்றுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. மருந்தோ அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இப்படியான வேளையில் பிள்ளைகளின் சிறுநீரகம் விரைவாகப் பழுதடையக்கூடும். ஆகவே சத்தி, வயிற்றோட்டம், அல்லது பல வேளை உண்ணாமலும் குடியாமலும் கிடத்தல் ஏற்பட்டால், பிள்ளைகளுக்கு டெஃபெரசிரொக்ஸ் மருந்தை இடைநிறுத்த வேண்டும் என்பது இன்றுள்ள மருத்துவ அறிவுறுத்தல்.

அந்தத் தாய் செய்திருக்க வேண்டியது இதுதான். அன்றைய குளிசையை நிறுத்திவிட்டு, ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கி, அன்றே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மீண்டும் தொடங்கும் நாளை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியரே சொல்வார்.

மற்ற இரண்டு இரும்பு மருந்துகளிலும் காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. டெஃபெரிப்ரோன் எடுப்பவர்களில் சிலருக்கு நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திடீரெனக் குறைந்துவிடும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் மருந்தை நிறுத்தி, அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும். டெஸ்ஃபெரொக்சமின் பெறும் பிள்ளைக்கு வயிற்று நோவோடு காய்ச்சல் வந்தால் கடுமையான கிருமித் தொற்றாக இருக்கலாம். அங்கும் மருந்தை நிறுத்தி உடனே காட்ட வேண்டும். ஆனால் பெனிசிலமினை நாமாக நிறுத்தக் கூடாது என்பதை மேலே பார்த்தோம். ஒரு மருந்துக்குச் சரியானது மற்றதற்குப் பிழையாகலாம். ஆகவே பிள்ளை சுகமாக இருக்கும்போதே, "நோய் வந்தால் இந்த மருந்தை நிறுத்துவதா, கொடுப்பதா?" என்று கேட்டு, விடையைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்கும் நோவுக்கும் டைக்கிளோஃபெனக், புரூஃபன் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இவை சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் மேலும் தீங்கு செய்யும். ஈரல் பழுதுபட்ட பிள்ளைக்குப் பனடோல்கூட வைத்தியர் சொன்ன அளவில்தான்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்: சிறுநீர் குறைதல், முகமும் காலும் வீங்குதல், கண் மஞ்சளாதல், மலம் கறுப்பாகப் போதல், இரத்தக் கசிவு, பிள்ளை வழமைக்கு மாறாக அயர்ந்து கிடத்தல். டெஸ்ஃபெரொக்சமின் பெறும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மட்டும் பயப்படவேண்டியதன்று. அது வெளியேறும் இரும்பின் நிறம்.

6. இடம் மாறும்போது

வைத்தியசாலை மாறும்போது தவறு நேர்வது எளிது. டெஃபெரசிரொக்ஸ் நீரில் கரைத்துக் குடிக்கும் குளிசையாகவும், முழுதாக விழுங்கும் குளிசையாகவும் வருகிறது. இரண்டின் அளவும் ஒன்றல்ல. உடல் நிறையில் 1 கிலோவுக்கு 20 மில்லிகிராம் கரைக்கும் குளிசை பெற்ற பிள்ளைக்கு, விழுங்கும் குளிசையில் அதற்குச் சமமான அளவு 14 மில்லிகிராம். பழைய அளவையே புதிய குளிசையில் கொடுத்தால் மருந்து மிதமிஞ்சிவிடும்.

பெயர் மாறாட்டமும் உயிரைக் குடித்திருக்கிறது. ஈ.டி.ரி.ஏ. மருந்தில் கல்சியம் சேர்ந்தது ஒன்று, கல்சியம் சேராதது ஒன்று. கல்சியம் சேராததை ஏற்றினால் அது இரத்தத்திலுள்ள கல்சியத்தையே கவ்வி எடுத்து இதயத்தை நிறுத்திவிடும். ஐக்கிய அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு பிள்ளைகள் இவ்வாறு இறந்தார்கள். ஒரு பிள்ளை ஈய நஞ்சுக்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி. மற்றது ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன். ஓட்டிசத்துக்கு இம்மருந்து பயன் தரும் என்பதற்கு ஆதாரமே இல்லை.

ஆகவே வீட்டைவிட்டு அவசரமாக வெளியேறும்போது அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் கிளினிக் கொப்பி, கடைசிப் பரிசோதனைத் துண்டு, மருந்தின் வெறும் உறை ஆகியவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். புதிய வைத்தியரிடம் முதலில் அந்தப் பையை நீட்டுங்கள்.

7. "கிணற்று நீரில் நஞ்சு, பிள்ளைக்கும் மருந்து கொடுக்கலாமா?"

வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் விவசாயிகளைப் பீடித்துள்ள சிறுநீரக நோயைப் பற்றி நாம் எல்லோரும் அறிவோம். நீரிலுள்ள உலோகங்கள், விவசாய நஞ்சுகள், கடும் வெயிலில் நீரருந்தாமல் உழைப்பது என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரு தனிக் காரணம் உறுதியாகவில்லை. "உலோகத்தைக் கழித்துவிட்டால் சரிதானே" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கீலேஷன் அந்நோய்க்கு மருந்தல்ல. பழுதுபட்ட சிறுநீரகத்தின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகவே அது முடியலாம்.

முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பின் சிறுநீரைப் பரிசோதித்து, "பாருங்கள், எவ்வளவு உலோகம்" என்று காட்டுபவர்களையும் நம்பவேண்டாம். அம்மருந்து கொடுத்தால் சுகதேகியின் சிறுநீரிலும் உலோகம் கூடுதலாகத்தான் போகும். நஞ்சைக் கழிக்கும் என்று சொல்லிக் கடைகளில் விற்கப்பட்ட இத்தகைய பொருட்களுக்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010ஆம் ஆண்டில் 8 கம்பனிகளை எச்சரித்தது.

ஈயத்தைப் பொறுத்தவரை, 10 வயது வரையான பிள்ளையின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 45 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால் கீலேஷன் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதற்கும் முன்னே செய்யவேண்டியது ஈயம் வரும் வழியை அடைப்பது. நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் பொன் கலந்த கல்லை வீட்டு முற்றங்களில் அரைத்ததால் 2010ஆம் ஆண்டில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஈய நஞ்சால் இறந்தனர். அங்கு சென்ற மருத்துவர்கள் கிராமத்து மண்ணைச் சுத்தம் செய்வித்த பின்னரே பிள்ளைகளுக்குச் சக்சிமர் கொடுத்தனர். நஞ்சு படிந்த முற்றத்துக்கே பிள்ளை திரும்பிப் போனால் மருந்தால் என்ன பயன்? வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்காக அடுப்படியில் பற்றரி உருக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்துவோம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது முகாமில் அல்லது கிராமத்தில் தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளைகள் யார்? அவர்களுடைய கிளினிக் கொப்பிகள் பத்திரமாக உள்ளனவா?

2. நோய் வந்த நாளில் எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்று பெற்றோர் கேட்டு அறிந்திருக்கிறார்களா?

3. பஸ் கட்டணம் இல்லாமல் பரிசோதனையைத் தவறவிடும் குடும்பத்துக்கு மாதர் சங்கமோ சேமிப்புக் குழுவோ எவ்வாறு கைகொடுக்கலாம்?

4. நம் வளவுகளில் பற்றரி உடைக்கும் அல்லது ஈயம் உருக்கும் இடம் உண்டா? இதைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு யார் பேசுவது?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்ட பின்னரே கூட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு அறிவு போதும், இதற்கு நமது கைகள் வேண்டும்.