ஊருக்குள் ஒரு கல்வட்டம்

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். திட்டமில்லாமல் காரில் கிளம்பிப் பழைய கிராமங்களைப் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

பதில்: மேற்கே, வில்ட்ஷயர் பக்கம் வண்டியை விடுங்கள். அங்கே புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் கூட்டம்; வழக்கமான நேரத்தில் எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். ஏவ்பரி கிராமமோ, 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கல்வட்டத்துக்குள்ளேயே பாதி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு பப் வேறு! கற்களைத் தொட்டுப் பார்க்கலாம். சுற்றிலும் ஆடுகள் மேயும். 18-ஆம் நூற்றாண்டில் பல கற்களைத் தீயிட்டுச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்டிவிட்டார்கள், புண்ணியவான்கள். மண்ணில் புதைந்து தப்பியவற்றை 1930-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கீலர் நிமிர்த்தினார். ஒரு கல்லடியில் கத்தரிக்கோலோடு ஒரு எலும்புக்கூடும் கிடைத்தது. அருகிலேயே வெஸ்ட் கென்னட் கல்லறைமேடு. வயது சுமார் 5,500. உள்ளே இருட்டு, டார்ச் எடுத்துப் போங்கள். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.