படகுத் தண்டுக்கு கிரீஸ்

கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனி 1946-ல் புனேயில் தொடங்கப்பட்டது. டீசல் எஞ்சின் செய்வது அதன் தொழில். டீசல் எஞ்சின் வயலில் தண்ணீர் இறைக்கும். கடலில் படகையும் ஓட்டும்.

படகுக்குள்ளே எஞ்சின் இருக்கும். தண்ணீருக்குள் விசிறி இருக்கும். இரண்டையும் இணைப்பது ஒரு நீண்ட தண்டு. இதை ஷாப்ட் என்பார்கள். தண்டு ஒரு குழாய் வழியாக வெளியே போகிறது. ரேடியோவால் ஓடும் பொம்மைப் படகிலும் இப்படித்தான்.

பல படகுகளில் இந்தக் குழாய்க்குள் கிரீஸ் இருக்கும். அது இரண்டு வேலை செய்யும். தண்டு தேயாமல் காக்கும். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும்.

நடுக்கடலில் தண்டு இறுகினால் என்ன ஆகும்? எஞ்சின் இருந்தும் படகு நகராது. ஆள், வலை, மீன் எல்லாம் அலையின் கையில்தான்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சுழலும் தண்டு லுங்கியைச் சுற்றி இழுத்துவிடும்.

2. கடலுக்குப் போகும் முன் கிரீஸ் கப்பைத் திருகுங்கள். காலியானால் நிரப்புங்கள்.

3. தண்ணீரில் கரையாத கிரீஸையே போடுங்கள். அதில் மணல் விழக் கூடாது. மணல் தண்டை அராவிவிடும்.

4. குழாய் முனையில் பேக்கிங் கயிறு இருக்கும். படகு ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வரலாம். ஒழுகினால் நட்டைச் சிறிது முறுக்குங்கள். மிகவும் இறுக்கினால் தண்டு சூடாகித் தேயும்.

5. படகு கரையேறியதும் விசிறியை ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்:

1. கிரீஸ் செய்யும் இரண்டு வேலைகள் எவை?

2. நட்டை ஏன் மிகவும் இறுக்கக் கூடாது?