ரெஃப்ரியைத் திட்டினால் எத்தனை ஆட்டம் தடை?

கேள்வி: ஐயா, எங்களுடையது கடற்கரை ஊர். வீட்டுக்கு ஒருவராவது பந்து ஆடுவார்கள். பக்கத்து ஊர் டோர்னமென்டில் எங்கள் கிளப் கால் இறுதி ஆடியது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் ஃபார்வர்டு ஒரு கோல் அடித்தான். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார். செல்போன் வீடியோவில் பார்த்தால் ஆஃப்சைடே இல்லை. பையனுக்கு 19 வயது. ஆத்திரத்தில் லைன்ஸ்மேனின் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டான். ரெட் கார்டு. டைபிரேக்கரில் ஜெயித்தோம், ஆனால் அவன் இல்லாமல் செமியில் தோற்றோம். அதோடு விடாமல் அடுத்த வருட டோர்னமென்டிலும் அவன் ஆடக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவன் கையை ஓங்கவில்லை, கிட்டே கூடப் போகவில்லை. டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. வாய்வார்த்தைக்கு இவ்வளவு தண்டனை நியாயமா?

- கிளப் செயலாளர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்கள் பையன் அடித்தது நல்ல கோலாகவே இருக்கட்டும். பந்து காலை விட்டுக் கிளம்பும் அதே நொடியில், இருபது முப்பது மீட்டர் தள்ளி ஓடும் இரண்டு பேரில் யார் முன்னால் நிற்கிறார் என்று பார்க்கிற வேலை லைன்ஸ்மேனுடையது. அதில் தவறு வரும். ஆனால் கொடி தவறாகத் தூக்கப்பட்டது ஒரு விஷயம், அதன்பின் பையன் பேசியது வேறு விஷயம். முதலாவது சரியா தப்பா என்பதை வைத்து இரண்டாவதைத் தீர்மானிக்க முடியாது. வீடியோவைக் காட்டி கமிட்டியிடம் வாதாடியிருந்தால், இனி அதை விட்டுவிடுங்கள்.

கால்பந்தின் 12-வது விதி இதில் இரண்டு படி வைத்திருக்கிறது. நடுவரின் முடிவை ஏற்காமல் வாயாலோ செய்கையாலோ எதிர்ப்புக் காட்டினால் மஞ்சள் அட்டை. “எப்படி சார் ஆஃப்சைடு?” என்று கத்துவது, பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பது, கேலியாகக் கைதட்டுவது எல்லாம் இதில் வரும். இழிவான, அவமதிக்கிற, வசைச் சொல்லோ சைகையோ என்றால் நேராகச் சிவப்பு. இதற்கு எச்சரிக்கை கிடையாது, கையை ஓங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

கெட்ட வார்த்தை வாயில் வந்துவிட்டாலே சிவப்பு என்று நினைக்காதீர்கள். கோலுக்கு முன்னால் வாய்ப்பைக் கோட்டைவிட்டவன் தன்னையே திட்டிக்கொண்டால் அனுபவமுள்ள நடுவர் கண்டுகொள்ளாமல் போவார். அமெரிக்க நடுவர் பயிற்சியில் மூன்று கேள்விகள் சொல்லித் தருகிறார்கள். சொன்னது ஒருவரைக் குறிவைத்ததா? ஊரறியச் சொன்னதா? சண்டைக்கு இழுப்பதா? இந்த மூன்றையும் மனதில் ஓட்டிப் பார்க்க நடுவருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான். உங்கள் பையன் சொன்னதற்கு மூன்றிலும் பதில் ‘ஆம்’. ரெட் கார்டு சரி.

அடுத்தது டிவி. யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை என்பது பாதிதான் உண்மை. 2019-இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் பிஎஸ்ஜி தோற்றதும் நடுவர்களை இன்ஸ்டாகிராமில் வசைபாடிய நெய்மாருக்கு மூன்று ஐரோப்பிய ஆட்டங்கள் தடை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது இரண்டானது. 2025 பிப்ரவரியில் ஒசாசுனாவுக்கு எதிரான ஆட்டத்தில் நடுவரிடம் பேசிய பேச்சுக்கு ஜூட் பெல்லிங்காமுக்குச் சிவப்பு அட்டை, இரண்டு ஆட்டம் தடை. வெய்ன் ரூனி 2011-இல் ஹாட்ரிக் அடித்த சந்தோஷத்தில் டிவி கேமராவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். நடுவரைக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் இரண்டு ஆட்டம். உங்கள் பையனைப் போலவே அவரும் ஒரு செமி ஃபைனலை, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான எஃப்ஏ கோப்பை அரை இறுதியை, இழந்தார். அதில் அவருடைய அணி தோற்றது.

மீதிப் பாதியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2008 மார்ச்சில் டாட்டன்ஹாம் மைதானத்தில் செல்சியின் ஆஷ்லி கோல் மோசமாகக் காலை நீட்டி ஒருவரைச் சாய்த்தார். நடுவர் மைக் ரைலி அழைத்தபோது முகம் கொடுக்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். செல்சி ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாம் ஒரு மஞ்சள் அட்டையோடு முடிந்தது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அந்த ஆண்டே நடுவருக்கு மரியாதை கொடுக்கச் சொல்லி ‘ரெஸ்பெக்ட்’ இயக்கத்தைத் தொடங்கியதற்கு அந்தக் காட்சி ஒரு பெரிய காரணம்.

பெரிய ஆட்டங்களில் நடுவர்கள் காதில் விழாதது போல இருப்பது ஏன் என்று கேட்டால், விதியில் நடுப்படி இல்லை என்பதுதான் என் பதில். மஞ்சளை வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் அடுத்த கத்தலுக்குப் போகலாம். சிவப்போ ஆட்டத்தையே கவிழ்த்துவிடும். இருபதாவது நிமிடத்தில் ஒரு வசைச் சொல்லுக்கு ஒருவனை வெளியே அனுப்பினால் மீதி எழுபது நிமிடமும் பத்துப் பேர். அந்தச் சுமையை ஏற்கத் தயங்கி நடுவர் விழுங்கிக்கொள்கிறார். அதைப் பார்க்கிற பிள்ளைகள் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று கற்றுக்கொள்கிறார்கள்.

அப்படிக் கற்றுக்கொண்ட பிறகு என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். 2023 மே 31, புடாபெஸ்டில் யூரோப்பா லீக் இறுதி. செவில்லாவிடம் பெனால்டியில் ரோமா தோற்றது. ரோமாவின் பயிற்சியாளர் ஜோசே மொரீனியோ மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து நடுவர் ஆன்டனி டெய்லரைக் கெட்ட வார்த்தையில் ஏசினார். அது வீடியோவாக ஊரெல்லாம் பரவியது. மறுநாள் டெய்லர் குடும்பத்தோடு புடாபெஸ்ட் விமான நிலையத்தில் நடந்து போகும்போது ரோமா ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒரு நாற்காலி பறந்து வந்தது. காவலர்கள் அவர்களை அணைத்துக்கொண்டு ஒரு கதவு வழியாக உள்ளே தள்ளிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மொரீனியோ யாரையும் தொடவில்லை. அவர் செய்ததும் நீங்கள் சொல்கிற அதே வாய்வார்த்தைதான். அவருக்கு நான்கு ஆட்டம் தடை விதித்தார்கள். குறைவு என்பது என் கருத்து.

இன்னொன்று கேமரா இல்லாத இடத்தில் நடந்தது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் சிறுவர்கள் ஆட்டம். கொடி பிடித்தவர் ஒரு தகப்பனார். மகன் ஆடும் அணிக்காகச் சம்பளமில்லாமல் வந்து நின்றவர். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். ஆறு பதின்வயதுப் பையன்களும் ஒரு பையனின் தகப்பனும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வார இறுதியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்திவைத்தார்கள்.

உங்கள் பையன் இதில் எதையும் செய்யவில்லை, தெரியும். ஆனால் அந்த லைன்ஸ்மேன் நின்ற இடத்தை ஒருமுறை மனதில் கொண்டுவாருங்கள். அவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் உங்கள் ஊர்க்காரர்கள். ஆட்டக்காரன் ஒரு வார்த்தை சொன்னதும் கயிற்றுக்கு அப்பாலிருந்து அதையே பத்துப் பேர் சொல்வார்கள். அவர் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணைக் கோட்டிலிருந்து எடுத்தால் அடுத்த ஆஃப்சைடு போய்விடும். மீதி ஐந்து நிமிடமும் டைபிரேக்கரும் அவர் அப்படித்தான் நின்றிருப்பார். நான் கொடி பிடித்த நாட்களில் அந்தக் கயிற்றுப் பக்கம் நின்றிருக்கிறேன். வெயிலையும் ஓட்டத்தையும் தாங்கிவிடலாம், முதுகில் விழுகிற அந்தச் சத்தத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் நல்ல பார்வையும் நல்ல கால்களும் உள்ள சிலர் அதனாலேயே கொடியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இனி தடையின் அளவுக்கு வருவோம். இதில் உங்கள் கமிட்டியோடு எனக்கு உடன்பாடில்லை. வசைச் சொல்லுக்கான சிவப்பு அட்டைக்கு இங்கிலாந்தில் இரண்டு ஆட்டம் தடை. சர்வதேச ஆட்டங்களில் நடுவரிடம் முறைகேடாக நடந்தால் குறைந்தது நான்கு ஆட்டம் என்கிறது ஃபிஃபாவின் ஒழுங்கு விதி. மிரட்டினால் பத்து, தாக்கினால் பதினைந்து. திட்டுவதற்கும் மிரட்டுவதற்கும் அடிப்பதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அடியாக ஒரு வருடம் என்று வைத்தால், அடுத்த முறை கோபப்படுகிறவன் வாயோடு நிறுத்திக்கொள்ளக் காரணமே இருக்காது. முதல் தவறு, மிரட்டலும் இல்லை என்றால் செமி ஃபைனலோடு சேர்த்து இரண்டு முதல் நான்கு ஆட்டம் போதும். அடுத்த வருடத் தொடரில் முதல் சில ஆட்டங்கள் அவன் பெஞ்சில் இருக்கட்டும், மொத்தத் தொடரையும் பறிக்க வேண்டாம்.

கமிட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. நடுவரின் எழுத்து அறிக்கை இருக்கிறதா? அதில் பையன் சொன்ன வார்த்தை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா? “தகாத வார்த்தை பேசினான்” என்று பூசி மெழுகினால் போதாது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் சொன்னபடியே எழுத வேண்டும் என்றுதான் நடுவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். தண்டனையின் அளவைத் தீர்மானிப்பதே அந்த வரிதான். 2017 மார்ச்சில் சிலிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பிரேசில்காரரான துணை நடுவரை லயோனல் மெஸ்ஸி திட்டினார் என்று ஃபிஃபா அவருக்கு நான்கு ஆட்டம் தடை போட்டது. பொலிவியாவோடு அடுத்த ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது அறிவிப்பு வந்தது. மெஸ்ஸி இல்லாத அர்ஜென்டினா லா பாஸில் 2-0 என்று தோற்றது. ஆனால் ஆட்ட முடிவில் நடுவர்கள் கொடுத்த அறிக்கையில் அந்த வசை பற்றி ஒரு வரியும் இல்லை. மே மாதம் மேல்முறையீட்டில், ஆதாரம் போதவில்லை என்று தடையை நீக்கிவிட்டார்கள். அதற்குள் ஒரு தகுதி ஆட்டம் போய்விட்டது. மெஸ்ஸிக்கே அறிக்கை இல்லாமல் தண்டனை நிற்கவில்லை என்றால், உங்கள் பையன் விஷயத்திலும் அறிக்கையைப் பார்க்காமல், அவனைக் கூப்பிட்டு விசாரிக்காமல் கமிட்டி முடிவெடுத்திருக்கக் கூடாது.

தடையை நீட்டுவதால் மட்டும் வசை குறையாது என்பது என் உறுதியான நம்பிக்கை. தவறு செய்த அன்றே, அந்த ஆட்டத்திலேயே, அணி முழுக்க உணர வேண்டும். ரக்பியில் நடுவரோடு வாதாடினால் பெனால்டி பத்து மீட்டர் முன்னே நகரும். 2000-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கால்பந்தும் ஃப்ரீ கிக்கை பத்து கஜம் முன்னே வைத்துப் பார்த்தது. கால்பந்தில் அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. 25 கஜத்திலிருந்து அடிக்கிற ஆட்டக்காரனுக்கு 15 கஜம் லாபமே இல்லை, தடுப்புச் சுவருக்கு மேலே தூக்கிக் கீழே இறக்க இடம் இருக்காது. 2005-இல் அதைக் கைவிட்டார்கள்.

பலன் கொடுத்தது சின் பின். நடுவரை எதிர்த்துப் பேசினால் மஞ்சள் அட்டையோடு பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அந்தப் பத்து நிமிடமும் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இங்கிலாந்தில் 31 சிறிய லீக்குகளில் சோதித்தபோது நடுவரை எதிர்க்கும் சம்பவங்கள் 38 சதவீதம் குறைந்தன. 2019-20 பருவத்திலிருந்து அடிமட்ட ஆட்டங்கள் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். நான் மேலே சொன்ன நடுப்படி இதுதான். நடுவருக்கு இதைக் கொடுக்கக் கை நடுங்காது. திட்டியவனைச் சக ஆட்டக்காரர்களே அடக்குவார்கள், ஏனென்றால் அவனுடைய இடத்தையும் சேர்த்து ஓடப்போவது அவர்கள்தான். இதை நீல அட்டையாக மேல்மட்டத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு 2024 தொடக்கத்தில் வந்தது. ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ இடமே இல்லை என்று மறுத்துவிட்டார். பெரிய இழப்பு அது. மேலே இருக்கிறவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கீழே இருக்கிற ஆயிரம் மைதானங்களில் வாய் அடங்கும்.

மேல்மட்டத்தில் நிலைத்த ஒன்று, கேப்டன் மட்டும் நடுவரிடம் வந்து பேசலாம் என்ற முறை. யூரோ 2024-இல் கொண்டுவந்தார்கள். மற்றவர் யார் ஓடிவந்தாலும் மஞ்சள். கூட்டமாகச் சூழ்கிற காட்சி அந்தத் தொடரில் கண்கூடாகக் குறைந்தது.

இப்போது உங்கள் வேலை. கமிட்டிக்கு எழுத்தில் மேல்முறையீடு கொடுங்கள். கோலைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். சிவப்பு அட்டையை ஏற்கிறோம், தடையின் அளவை மறுபரிசீலனை செய்யுங்கள், அறிக்கையின் நகல் தாருங்கள் என்று கேளுங்கள். அதற்கு முன்னால் பையனை அந்த லைன்ஸ்மேனின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளப்பிலிருந்து நீங்கள் ஒருவர் போனால் போதும், கூட்டமாகப் போக வேண்டாம். அவன் வாயாலேயே மன்னிப்புக் கேட்கட்டும். தடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் அது அவருக்குப் பாக்கி.

அடுத்த டோர்னமென்டுக்கு எல்லா கிளப் செயலாளர்களும் சேர்ந்து கமிட்டியிடம் இரண்டு கோரிக்கை வையுங்கள். ஒன்று, சின் பின். 90 நிமிட ஆட்டத்துக்குத்தான் பத்து நிமிடம், உங்கள் ஆட்டம் சிறிதென்றால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். மற்றது, கேப்டன் மட்டுமே பேசும் முறை. உங்கள் கேப்டன் கோல்கீப்பராக இருந்தால், நடுவரிடம் போய்ப் பேச களத்தில் ஆடும் வேறொருவர் பெயரை டாஸ் போடும்போதே கொடுத்துவிடுங்கள்.