கடற்பணியும் கரைப்பணியும்

எமது மாத்தளை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும், கடற்படையின் பணிமாற்று முறையிலே நாம் கற்றற்குரிய பாடம் ஒன்றுண்டு.

இலங்கைக் கடற்படை 1950 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் 'ரோயல் சிலோன் கடற்படை' என்னும் பெயருடன் தொடங்கிற்று. 1972 இல் நாடு குடியரசானபின் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் கரைத் தளங்களும் கப்பல்களைப் போலவே பெயர் சூடியுள்ளன. காரைநகரில் 'எலார', வெலிசறையில் 'கெமுனு', திருகோணமலையில் 'திஸ்ஸ' என்பன அத்தகையன. எலார என்பான் எல்லாள மன்னனே.

பெயர் முறை ஒன்றாயினும் பணி ஒன்றன்று. கப்பலில் இருப்போர் இரவும் பகலும் முறைவைத்துக் காவல் செய்து, மனைவி மக்களைப் பிரிந்து வாழ்கின்றனர். கரையில் இருப்போர் பயிற்சி, பழுதுபார்த்தல், பண்டகசாலை முதலிய பணிகளைப் புரிந்து, வீட்டாரை எளிதிற் காண்கின்றனர். ஆதலின், இருவகைப் பணியும் மாறிமாறி வருதல் வேண்டும்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது? இதனை விருப்பம் தீர்மானிப்பதில்லை. இடங்களின் தொகையே தீர்மானிக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். இயந்திரத் தொழிலாளர் 120 பேர். கப்பலில் 80 இடம், கரையில் 40 இடம். இரண்டாண்டு கடல், ஓராண்டு கரை என வகுத்தால் எல்லா இடமும் நிரம்பும். இரண்டுக்கு இரண்டு என்றாலோ, கப்பலிலே 60 பேரே இருப்பர். 20 இடம் வெறுமையாகும். அவ்வெறுமையைச் சுமப்போர் கப்பலில் எஞ்சியிருப்போரே. மேலும், பழகியவர் அனைவரையும் ஒருங்கே இறக்குதலும் தகாது. சிறிது சிறிதாக மாற்றினாலன்றிக் கப்பல் தன் அனுபவத்தை இழந்துவிடும்.

பிற நாட்டாரும் இதற்கு வழி தேடினர். பிரித்தானியக் கடற்படை, மூன்றாண்டில் 660 நாளுக்கு மேற்பட்டு ஒருவர் வீட்டைப் பிரிந்திருத்தலாகாது என்று எல்லை வகுத்தது. 1960 இல் முதற் சுற்றுக்காவலுக்குச் சென்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலாகிய 'ஜோர்ஜ் வாஷிங்டன்' நீலம், பொன் என இரு குழுக்களை உடையதாயிருந்தது. ஒரு குழு கடலிலிருக்க, மற்றது கரையில் ஓய்வும் பயிற்சியும் பெற்றது. ஒரு கப்பலுக்கு இருமடங்கு ஆட்கள் வேண்டுமென்பதே அவ்வசதியின் விலை.

இக்கணக்கிலிருந்து அறம் ஒன்று பிறக்கின்றது. சிபாரிசினால் ஒருவர் கரையிலே நீடித்திருப்பின், அந்நாள்கள் மறைந்து போவதில்லை. பெயரறியாத வேறொருவரின் கடல்நாள்களாகின்றன. நகரப் பாடசாலைக்கும் தொலைவிலுள்ள தோட்டப் பாடசாலைக்கும் இடையே நிகழும் ஆசிரியர் இடமாற்றத்திற்கும் இது பொருந்தும். எம் மாணவருட் பலர் நாளை பணிப்பட்டியல் எழுதும் பதவியில் அமர்வர். ஒரு பெயரை அதிலிருந்து நீக்குமுன், அவ்விடத்தில் எழுதப்படும் மற்றப் பெயரையும் அவர்கள் நினைத்தல் வேண்டும்.